கறுப்புப் பட்டை என்றால் படம் வெட்டப்பட்டதா?

'மிஷன் இம்பாசிபிள்: ஃபால்அவுட்' 4கே வட்டில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருகிறது, படத்தை வெட்டிவிட்டார்கள், டிவியில் ஜூம் வைத்தால் முழுசாகத் தெரியும் என்றொரு தகவல் சுற்றுகிறது. தவறு. உண்மை நேர்மாறானது.

படத்தின் பெரும்பகுதி 2.39:1 விகிதம், அதாவது அகலம் உயரத்தைப்போல் 2.39 மடங்கு. 3840 x 2160 புள்ளிகள் கொண்ட 4கே திரையில் அது உயரத்தில் 1607 புள்ளி வரிகளையே நிரப்பும். மேலே சுமார் 276, கீழே 276 வரி காலி. ஜூம் செய்தால்தான் இடமும் வலமும் சேர்த்து கால்வாசிப் படம் போய்விடும்.

ஹெலிகாப்டர் துரத்தல் போன்ற ஐமேக்ஸ் (பெருந்திரை வடிவ) காட்சிகள் 1.90:1. அங்கே மேலும் கீழும் உள்ள பட்டை ஒவ்வொன்றும் தானாகவே சுமார் 70 வரியாகச் சுருங்கும். அப்போதும் ஜூம் இருந்தால் தலை வெட்டுப்படும். சப்டைட்டிலும் காணாமல் போகலாம்.

டிவியில் 16:9 வைத்து, எல்ஜி என்றால் 'ஜஸ்ட் ஸ்கேன்', சாம்சங் என்றால் 'ஃபிட் டு ஸ்கிரீன்' போடுங்கள்; ஓரம் வெட்டாமல் படத்தை முழுசாகக் காட்டும் அமைப்புகள் இவை.