10 நாளில் முடிகிற காரியம் அல்ல

"மூக்கில் அறுவை சிகிச்சை செய்தால் 10 நாளில் புது மூக்கு, மூச்சடைப்பும் தீர்ந்துவிடும்" என்று மேலே ஒருவர் எழுதியிருப்பது தவறு. கல்யாணத் தேதியைக் குறித்துவிட்டு யாரும் இதை நம்பிவிடாதீர்கள்.

இவை இரண்டு வேறு சிகிச்சைகள். வளைந்த மூக்குத் தண்டை, அதாவது இரு துவாரங்களுக்கும் நடுவே உள்ள சுவரை, உள்ளே நேராக்குவது மூச்சுக்காக. வெளித்தோற்றம் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். எலும்பையும் குருத்தெலும்பையும் திருத்துவது தோற்றத்துக்காக. தேவைப்பட்டால் இரண்டையும் சேர்த்தே செய்வார்கள். ஆனால் ஒவ்வாமைத் தும்மல் இரண்டிலுமே போகாது.

என் அக்காள் மகள் அறுவை சிகிச்சைக்குப் பிறகு காரைக்குடி வீட்டில் வளவுத் (உள்முற்றத்) தூணில் சாய்ந்து, மூக்கின்மேல் கட்டுடன், வாயால் மூச்சு விட்டபடி ஒரு வாரம் உட்கார்ந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே நாவற்பழ நிறம். ஆயா (பாட்டி) கொடுத்த ரசத்தின் மணம்கூடத் தெரியவில்லை என்று அழுதாள், பாவம். அது உள்வீக்கத்தால் வந்த அடைப்பு. சில வாரங்களில் குறைந்தது. கன்றிய நிறம் 2 வாரத்தில் மங்கியது. ஆனால் மூக்கு நுனியின் வீக்கம் முழுதாக வடிய ஓராண்டு ஆகும், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். முதல் சில வாரங்கள் கண்ணாடிகூட மூக்கில் அழுந்தக் கூடாது. மூக்குத்தியை மறுபடி எப்போது போடலாம் என்பதை மருத்துவரிடமே கேளுங்கள்.