வெள்ளைக்கழிச்சலுக்கு ஆன்டிபயாடிக் மருந்தாகாது
"நாட்டுக்கோழிக்குத் தடுப்பூசி வேண்டாம், கழிச்சல் கண்டால் ஆன்டிபயாடிக் கலந்த தண்ணீர் போதும்" என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் இதை நம்பிவிட வேண்டாம்.

வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிக்கெட், வைரஸ் நோய். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைக் கொல்லும். வைரஸை ஒன்றும் செய்யாது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கி, கழுத்து திருகிக்கொண்ட கோழியைக் குணமாக்க மருந்தே கிடையாது. தப்பிப் பிழைக்கும் ஒன்றிரண்டைக் காட்டி மருந்து வேலை செய்தது என்கிறோம். நாட்டுக்கோழி சில நோய்களைத் தாங்கும் என்பது உண்மைதான். இந்த நோயில் அந்தப் பேச்சு எடுபடாது, கொட்டகையே காலியாகிவிடும்.

குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ இந்த நோய்க்கான லசோட்டா என்ற தடுப்பு மருந்து ஒரு சொட்டு. எட்டு வாரம் ஆனதும் இதே நோய்க்கான ஆர்2பி என்ற தடுப்பூசி. தடுப்பு மருந்தை ஐஸில் வைத்தே கொண்டுவர வேண்டும், வெயில் பட்டால் வீண். தமிழ்நாட்டில் கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமில் இலவசமாகவே போடுகிறார்கள்.

ஒரே வாரத்தில் கோழிகளைப் பறிகொடுத்ததாக இங்கே எழுதியிருந்த சகோதரிக்கு: நீங்கள் கவனிக்காமல் விட்டதால் போகவில்லை, இந்த நோயின் வேகம் அப்படி. இறந்தவற்றைச் சுண்ணாம்பு தூவி ஆழப் புதையுங்கள், வாய்க்காலில் வீசாதீர்கள். ஏதாவது மிஞ்சியிருந்தால் சந்தைக்கு அனுப்பவும் வேண்டாம். கொட்டகையைக் கழுவிக் காயவிட்டுச் சில வாரம் சும்மா போட்டுவையுங்கள். புதுக்குஞ்சு அப்புறம் வாங்கலாம்.