காது கேட்காதவர்களுக்காகத் தமிழ்ப் படத்துக்குத் தமிழில் சப்டைட்டில் கேட்டால் ஏன் சிரிக்கிறீர்கள்?

அமெரிக்க நடிகை மார்லி மாட்லினைப் பற்றி எழுதுகிற எல்லோரும் ஒஸ்காரில்தான் தொடங்குகிறார்கள். சரி, நானும் அங்கேயே தொடங்குகிறேன். ஒன்றரை வயதில் செவிப்புலனை இழந்தவர், 1987இல் 21 வயதில் சிறந்த நடிகை விருதை வாங்கினார். அதைப் பரிதாப வாக்கு என்று எழுதிய விமர்சகரும் உண்டு. காது கேட்காத இன்னொரு நடிகருக்கு ஒஸ்கார் கிடைக்க 35 வருடம் போனது. 2022இல் 'கோடா' படத்துக்காக ட்ரோய் கொட்சர் வாங்கினார். அதில் அவருக்கு மனைவியாக நடித்தவர் மார்லி. கொட்சர் நடித்த அப்பா பாத்திரத்துக்குக் காது கேட்கிற பிரபல நடிகரைப் போடலாம் என்று பேச்சு வந்தபோது, அப்படியென்றால் நான் இல்லை என்று அடித்துச் சொன்னவரும் மார்லிதான்.

நம்ம பக்கம் வாருங்கள். 2007இல் வந்த 'மொழி'யில் காது கேட்காத பெண்ணாக ஜோதிகா நடித்தார். நன்றாகத்தான் நடித்தார், மறுக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து 'நாடோடிகள்' வந்தது. அதில் சசிகுமாரின் தங்கச்சியாக வந்த அபிநயாவுக்கு நிஜத்திலேயே காது கேட்காது, பேச்சும் வராது. ஆனால் படத்தில் அவர் பேசுகிற பெண். உதட்டசைவைப் பழகி நடித்தார், குரல் வேறொருவருடையது. பிலிம்பேர் விருதும் கிடைத்தது. தமிழே தெரியாத கதாநாயகிகளை வரவழைத்து, பக்கத்தில் ஆளை நிறுத்தி வசனம் சொல்லிக்கொடுத்து, பிறகு டப்பிங் செய்து பழகிய துறை இது. காது கேட்காதவரை வைத்து வேலை வாங்குவது கஷ்டம் என்று யார் சொன்னாலும் இந்தத் துறை சொல்லக்கூடாது.

நடிக்கிறவர்கள் கதை அது. பார்க்கிறவர்கள்?

மார்லியிடம் எனக்குப் பிடித்த விஷயம் இங்கேதான் இருக்கிறது. 13 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள தொலைக்காட்சிப் பெட்டிகளில் வசன வரிகளைக் காட்டும் வசதி கட்டாயம் என்று அமெரிக்காவில் 1990இல் சட்டம் வந்தது. அதற்காகக் குரல் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். 2023 ஜனவரியில் அமெரிக்காவின் சண்டான்ஸ் திரைப்பட விழாவில் அவர் நடுவர். ஒரு படத்தில் அவருக்குக் கொடுத்த வசன வரிக் கருவி வேலை செய்யவில்லை. கூட இருந்த நடுவர்களும் அவரோடு சேர்ந்து எழுந்து வெளியே போனார்கள்.

நம்ம ஊரில் எழுந்து போக யார் இருக்கிறார்கள்? காது கேட்காத என் மச்சாள் ஒருத்தி, யாழ்ப்பாணத்தில் அப்படியான பிள்ளைகள் படிக்கிற கைதடி நவீல்ட் பாடசாலையில் படித்தவள். தமிழ்ப் பேப்பரை விளம்பரம் உட்பட வாசித்து முடிப்பாள். இங்கே ஒரு தியேட்டருக்குக் கூட்டிப்போனேன். சப்டைட்டில் இருக்கா என்று கவுண்டரில் கேட்டால், "இங்கிலிஷ் இருக்கு" என்றார்கள். அவளுக்கு இங்கிலிஷ் வராது. சனம் சிரிக்கும்போதெல்லாம் என் முகத்தைப் பார்த்தாள். நான் போனில் வசனத்தைத் தட்டிக் காட்டினேன். மூன்றாவது பகிடிக்குள் பின்சீட்டு ஐயா தோளில் தட்டி, "தம்பி, லைட்டை நிப்பாட்டும்" என்றார். அவரிலும் பிழையில்லை.

கீழே வரி ஓடினால் படத்தின் சுவை போய்விடும் என்று ஒரு நண்பர் சொன்னார். கொரிய நாடகத்தை விடிய விடிய வாசித்துப் பார்க்கிற மனிதர்! கொழும்பில் தமிழ்ப் படத்தைச் சிங்கள நண்பர்கள் இங்கிலிஷ் வரியில்தான் பார்க்கிறார்கள், மலையாளப் படத்தை நாங்களும் அப்படித்தான் பார்க்கிறோம். வரி ஓடுவது இந்த ஊருக்குப் புதிதில்லை. தமிழில் ஓடினால் மட்டும் உறுத்துமா?

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதில் திரைப்படம் பார்க்கவும் வசதி வேண்டும் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சும் 2024 மார்ச்சில், பார்வை, செவிப்புலன் குறைந்தவர்களுக்குத் தியேட்டரில் வசதி வேண்டும் என்று வழிகாட்டல் வெளியிட்டது. அதன்படி சென்னையில் தமிழ் வரிகள் தயாராகிற படங்களுக்கு, அந்த வரிகளின் ஃபைலையும் சேர்த்து அனுப்புங்கள் என்று இங்கே படத்தை வாங்கித் திரையிடுகிறவர்கள் கேட்டால் போதும்.

எல்லாக் காட்சிக்கும் வேண்டாம். கிழமைக்கு ஒன்று, முன்கூட்டியே அறிவித்துப் போடுங்கள். விநியோகஸ்தர், தியேட்டர் முகாமையாளர் யாரையாவது தெரிந்தால் இங்கே டேக் பண்ணுங்கள். டிக்கெட்டில் சலுகை கேட்கவில்லை, முழுக் காசும் தருவோம்.