அடுத்த கார்டு வர்ற வரைக்கும் முகூர்த்தம் காத்திருக்காது சாமி

ஆந்திரா பார்டர்ல நகரியில உட்கார்ந்து கல்யாண வீடியோ எடிட் பண்றவன் கிராபிக்ஸ் கார்டு மாத்தணும்னு வாயைத் திறந்தா போதும், எட்டுத் திசையிலேர்ந்தும் ஒரே பாட்டு: “இப்ப வாங்காதண்ணா, புதுசு வருது.” சர்வீஸ் பண்ற தம்பி சொல்றான். திருத்தணியிலேர்ந்து கேமரா தூக்கிட்டு வர்ற பையன் சொல்றான். யூடியூப்ல சிவப்பு அம்புக்குறி போட்டு வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கிறவன் சொல்றான். கார்டு விக்க வேண்டிய கடைக்காரனே சொல்றான்னா பார்த்துக்கங்க. எப்பப்பா வருதுன்னா தெரியாது. என்ன விலைன்னா தெரியாது. நம்ம சாஃப்ட்வேர் அதுல ஒழுங்கா ஓடுமான்னு கேட்டா, அது அவனுக்குக் கேள்வியாவே படல. ஆனா வருது. போன வருஷமும் வந்துக்கிட்டேதான் இருந்துச்சு.

வேலை இல்லாத மாசமாப் பார்த்துப் பொறுத்திருக்கலாம்னா எங்க ஊருக்கு அப்படி ஒரு மாசம் அமையவே மாட்டேங்குது. அரக்கோணம்–ரேணிகுண்டா லைன்ல திருத்தணி, பொன்பாடி, பேர்ப்பலகையில எழுத இடமே பத்தாத வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை எல்லாம் தாண்டி இருக்கோம். ஸ்டேட் ஆந்திரா, வீட்ல பேச்சு தமிழ், கஸ்டமர் ரெண்டு பக்கமும். ஆடி பிறந்தா தமிழ்க்காரங்க கல்யாணத்தை நிறுத்துவாங்க. அப்பாடான்னு மூச்சு விடறதுக்குள்ள ஆடி அமாவாசை போய் மறுநாளே தெலுங்குக்காரங்களுக்கு சிராவணம் பிறந்துடும். அவங்க முகூர்த்தம் ஆரம்பம். அது ஓடி முடியுமுன்னே இந்தப் பக்கம் ஆவணி. இதுல எந்த இடுக்குல நான் ‘அடுத்த தலைமுறை’க்காகக் காத்திருக்கிறது?

அதுலயும் தெலுங்கு முகூர்த்தம் நிறைய ராத்திரியிலதான். ரெண்டு மணி, மூணு மணிக்குக்கூட தாலி கட்டுவாங்க. மண்டபத்துல வெளிச்சம் எப்படி இருக்கும்னு தெரியும்ல. கேமராவுல வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டற ஐஎஸ்ஓவை ஏத்தித்தான் ஆகணும். ஏத்தினா மாப்பிள்ளை கோட்டு மேலயும் பொண்ணு தலைமுடி மேலயும் நாய்ஸ் புள்ளி புள்ளியா ஆடும். அதை எடுக்கணும்னா சாஃப்ட்வேர் ஒரு ஃப்ரேமை மட்டும் பார்த்தா பத்தாது, முன்னாடி ரெண்டு பின்னாடி ரெண்டு சேர்த்துப் பார்த்துக் கணக்குப் போடணும். ஒரு 4கே ஃப்ரேமை 32 பிட் ஃப்ளோட்ல விரிச்சாலே சுமார் 130 எம்பி. அதுக்கு மேல கலர் கரெக்‌ஷன் படி (நோடு) ஒவ்வொண்ணும் தன் பங்குக்கு இடம் பிடிக்கும். 6 ஜிபி மெமரி இருக்கிற கிராபிக்ஸ் கார்டு எவ்வளவுதான் தாங்கும்? தலம்ப்ராலு சீன் இருக்கே, பொண்ணும் மாப்பிள்ளையும் மாத்தி மாத்தித் தலையில அரிசி கொட்டிக்குவாங்களே, அங்க வந்து ரெண்டர் நிக்கும். ஜிபியு மெமரி நிரம்பிடுச்சுன்னு குட்டியா ஒரு பெட்டி. அதுல ‘ஓகே’ன்னு ஒரே ஒரு பட்டன். ஓகேன்னு சொல்றதுக்கு இதுல என்னய்யா இருக்கு? சரி, செட்டிங்கைக் குறைச்சு மறுபடி ஓட்டினா, பறக்கிற அரிசியையே நாய்ஸ்னு நினைச்சுத் துடைச்சு வச்சிருக்கும். பொண்ணு வெறுங்கையை மாப்பிள்ளை தலை மேல ஆட்டிக்கிட்டு இருக்கிறதா கஸ்டமருக்கு எடுத்துக் குடுக்க முடியுமா?

இந்த லட்சணத்துல ஏகாம்பரகுப்பத்துலேர்ந்து பொண்ணோட அப்பா போன். பின்னாடி தறிச் சத்தம். “தம்பி, வீடியோ எப்போ?” “ரெண்டர் போயிட்டிருக்குங்கண்ணா.” பேசிக்கிட்டே இருக்கும்போது எங்க பக்கத்துத் தெரு தறிங்க சட்டுனு அடங்கும். மறு நொடி என் யூபிஎஸ் கத்தும். அந்தக் கதையை இன்னொரு நாள் வச்சுக்கலாம்.

நான் சொல்ல வந்தது இந்த ‘வருது’ கோஷ்டியைப் பத்தி. 2025 பூரா ஓடின சீரியல், என்விடியாவோட 50 சீரிஸ் கார்டுக்கு மெமரி கூட்டி வரும்னு சொன்ன ஆர்டிஎக்ஸ் 50 சூப்பர். 5070ல 12 ஜிபிதான் இருக்கு, சூப்பர் வந்தா 18 ஜிபி, பொறுங்கன்னாங்க. கணக்கு என்னவோ சரியான கணக்குதான். கார்டு மெமரியைத் தொடற பாதை (மெமரி பஸ்) 192 பிட், சிப் ஒண்ணுக்கு 32 பிட், ஆக ஆறு சிப். 2 ஜிபி சிப் போட்டா 12, 3 ஜிபி சிப் போட்டா 18. இந்தக் கார்டுல போடற ஜிடிடிஆர் 7 வகை மெமரியில 3 ஜிபி சிப்பும் வந்தாச்சு. ஆனா பேப்பர்ல பெருக்கல் சரியா வந்துட்டா கடையில பெட்டி வந்துடுமா? அந்த ஒரு பெருக்கலை வச்சுக்கிட்டு எத்தனை வீடியோ ஓட்டினாங்க! இல்லாத கார்டுக்கு விலை, இல்லாத கார்டுக்கு பெர்ஃபார்மன்ஸ் கிராஃப், அதுக்கு எந்த எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி) வாங்கணும்னு அட்வைஸ் வேற. பொண்ணே பார்க்காம வளைகாப்புக்கு மண்டபம் புக் பண்ணின கதை. 2026 ஜனவரியில அமெரிக்காவுல நடக்கிற சிஇஎஸ் எலக்ட்ரானிக்ஸ் கண்காட்சியில அறிவிப்பு நிச்சயம்னு சூடம் அணைக்காத குறை. அங்க என்விடியா எடுத்துக்கிட்டு வந்தது டிஎல்எஸ்எஸ் 4.5, கேம் படத்தை ஏஐ வச்சு நிரப்பற சாஃப்ட்வேர். புது ஜிஃபோர்ஸ் கார்டு ஒண்ணுகூட வரல.

அதுக்குள்ள மெமரி மார்க்கெட் தலைகீழா ஆயிடுச்சு. உலகத்துக்கு மெமரி சிப் போடறது பெரும்பாலும் மூணே பேர்: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். ஏஐ டேட்டா சென்டருக்கு விக்கிற மெமரியில காசு கொட்டுது, அவங்க ஃபேக்டரியை அந்தப் பக்கம் திருப்பிட்டாங்க. 2025 டிசம்பர்ல மைக்ரான், க்ரூஷியல்ங்கிற பேர்ல நம்ம மாதிரி ஆளுங்களுக்கு ராமும் எஸ்எஸ்டியும் வித்துக்கிட்டிருந்த வியாபாரத்தையே இழுத்து மூடப் போறதா அறிவிச்சது. ராம் விலை எங்கே போச்சுன்னு ஸ்டுடியோ வச்சிருக்கிறவன் யாரையாவது கேளுங்க, அழுதுடுவான். பொறுத்தா விலை குறையும்னு அடிச்சுச் சொன்னானே, அந்த வீடியோ அப்படியே இருக்கு. ஆள் மட்டும் அதுக்கும் அடுத்த 60 சீரிஸ் பக்கம் தாவிட்டான்.

போட்டிக் கம்பெனி ஏஎம்டி பக்கம் போனா யுடிஎன்ஏ. கேமிங்குக்கு ஆர்டிஎன்ஏ, டேட்டா சென்டருக்கு சிடிஎன்ஏன்னு ரெண்டு டிசைனா இருக்கிறதை ஒண்ணாக்கப் போறோம்னு 2024 செப்டம்பர்ல அவங்க பெரிய அதிகாரி ஜாக் ஹுயின் சொன்னார். அவர் சொன்ன நாலு வரியைப் பிடிச்சுக்கிட்டு இத்தனை கோர், இத்தனை ஜிபி, இந்த மாசம்னு ஜாதகமே கணிச்சிட்டாங்க. இன்டெல் கதை இன்னும் பரிதாபம். பி580 கார்டை 2024 டிசம்பர்ல 249 டாலருக்கு 12 ஜிபியோட இறக்கினாங்க, நல்ல விஷயம். ஆனா அது ரீசைசபிள் பார் (கார்டு மெமரி பூராவையும் ப்ராசஸர் ஒரே மூச்சுல தொட விடற வசதி) இல்லாத பழைய போர்டுல தடுமாறும், பழைய ப்ராசஸர்ல வேகம் குறையும். எங்க ஏரியாவுல பாதி ஸ்டுடியோவுல ஓடறதே பழைய போர்டுதான். அதைச் சொல்ல ஆள் இல்ல. எல்லாருக்கும் அதோட அண்ணன் பி770 எப்ப வரும்ங்கிற கவலைதான்.

இன்னொரு எரிச்சல். 2025 ஜனவரியில என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங் மேடையில நின்னு, 549 டாலர் 5070 வாங்கினா முந்தின தலைமுறையோட உச்ச கார்டு 4090 வேகம் கிடைக்கும்னார். இந்தியாவுக்கு 59,000 ரூபாய்னு விலை போட்டாங்க. அந்த வேகம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு பார்த்தா, நிஜ ஃப்ரேம் ஒண்ணுக்கு மூணு ஃப்ரேம் வரைக்கும் டிஎல்எஸ்எஸ் தானாப் போட்டு நிரப்பினது. கேம் ஆடறவனுக்கு சந்தோஷம், ஆடட்டும். நான் மாங்கல்ய தாரணத்துல நடக்காத மூணு ஃப்ரேமைச் சொருகி என்ன பண்றது? எனக்கு வேண்டியது மெமரி, வீடியோ ஃபைலைப் பிரிச்சுக் குடுக்க நல்ல டீகோடர், அப்புறம் கார்டை ஓட வைக்கிற டிரைவர் சாஃப்ட்வேர், அது சீசன் நடுவுல கழுத்தறுக்காம இருக்கணும்.

கொடுமை என்னன்னா, 50 சீரிஸ்ல எங்க தொழிலுக்குன்னே சொல்ற மாதிரி ஒரு சமாச்சாரம் நிஜமாவே இருக்கு, அதை எந்த ‘லீக்’ வீரனும் மதிக்கல. இப்போ வர்ற கேமரா நிறைய 10 பிட் 4:2:2ல, அதாவது கலர் விவரத்தைக் கூடுதலா வச்சு, எடுக்குது. அதுக்கு முந்தின ஜிஃபோர்ஸ் கார்டுங்க அந்த ஃபைலை ஹார்ட்வேர்ல பிரிக்காது. பாரம் பூரா ப்ராசஸர் தலையில. டைம்லைன்ல ப்ளே அமுக்கினா நாதஸ்வரம் ஒரு பக்கம் போகும், படம் ஒரு பக்கம் நிக்கும். 50 சீரிஸ்ல 4:2:2 டீகோடரும் வச்சிருக்காங்க, என்கோடரும் வச்சிருக்காங்க. அது கட்டுப்படி ஆகாதவனுக்கும் வழி உண்டு: 11ஆம் தலைமுறை இன்டெல் டெஸ்க்டாப் ப்ராசஸர்லேர்ந்து உள்ளேயே இருக்கிற கிராபிக்ஸ் எச்.265 4:2:2 ஃபைலைப் பிரிச்சுக் குடுக்கும். ஆனா அசெம்பிள் பண்றவன் என்ன பண்ணுவான்? “கார்டுதான் தனியாப் போடறீங்களே, உள் கிராபிக்ஸ் எதுக்குண்ணா”ன்னு சொல்லி, பேர் கடைசியில ‘எஃப்’ இருக்கிற ப்ராசஸரைத் தலையில கட்டுவான். அதுல அந்த கிராபிக்ஸே வேலை செய்யாது. கொஞ்சம் ரூபாய் மிச்சம் பண்ணிக் குடுத்த பெருமை அவனுக்கு, எடிட்டிங்குக்கு லேசான நகலா ப்ராக்ஸி ஃபைல் போட்டு விடிய விடிய உட்கார்ற பாக்கியம் நமக்கு.

வரப்போற கார்டைப் பத்தி இவ்வளவு பேசறவங்க, கையில இருக்கிற கார்டை கம்பெனி எப்பக் கைவிடும்னு பேசினா புண்ணியமாப் போகும். 2016ல வந்த என்விடியா 1060, 1050 டிஐ எல்லாம் பாஸ்கல் வகை. எங்க பக்கத்துல ஆல்பம் டிசைன் பண்ற சின்னச் சின்னக் கடையெல்லாம் அதுலதான் ஓடுது. அதுக்கான வழக்கமான டிரைவர் 2025 அக்டோபரோட முடிஞ்சது. இனிமே 2028 அக்டோபர் வரை மூணு மாசத்துக்கு ஒரு தடவை செக்யூரிட்டி அப்டேட் மட்டும். எடிட்டிங் சாஃப்ட்வேர் எல்லாம் கார்டு பலத்தை வாங்கிக்கிறது என்விடியாவோட ‘கூடா’ வழியா. 2025 ஆகஸ்ட்ல வந்த கூடா 13லயும் பாஸ்கலுக்கு இடமில்ல. ஒன்பது வருஷம் பார்த்துக்கிட்டாங்க, அதை நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா கூடாவை நம்பி ஓடற சாஃப்ட்வேர் ஒவ்வொண்ணும் இனி எப்ப வேணும்னாலும் கதவைச் சாத்தலாம். அதை யாராவது அம்புக்குறி போட்டுச் சொன்னாங்களா?

ஏஎம்டி பண்ணினது அதைவிட. 2025 அக்டோபர் கடைசியில வந்த டிரைவரோட 5000, 6000 சீரிஸ் கார்டெல்லாம் இனி பராமரிப்பு மட்டும்தான்னு சொல்லிட்டாங்க. அதுல வர்ற 6600ஐ அப்பவும் கடையில புதுப் பெட்டி பிரிச்சு வித்துக்கிட்டிருந்தான் சாமி! ஊரே கத்தினதும், இல்லல்ல, புது கேமுக்கு வேண்டியதெல்லாம் பண்ணுவோம்னு பின்வாங்கினாங்க. கத்தாம இருந்திருந்தா?

சரி, புதுசு வாங்கினவனாவது நிம்மதியா இருந்தானா? 50 சீரிஸ் வந்த புதுசுல 572 வரிசை டிரைவர் போட்டா ஸ்கிரீன் கருப்பாப் போச்சுன்னு உலகம் பூரா புகார், அவசரத் திருத்தமா ஹாட்ஃபிக்ஸ் மேல ஹாட்ஃபிக்ஸ். 40 சீரிஸ்காரன் பழைய 566க்குத் திரும்பித் தப்பிச்சான். 50 வாங்கினவனுக்கு அந்த வழியும் கிடையாது, பழைய டிரைவருக்கு அந்தக் கார்டே தெரியாதே. 32 பிட் கூடாவைச் சத்தமில்லாம எடுத்துட்டதுல பிசிக்ஸ்எக்ஸ்ங்கிற எஃபெக்ட் இருக்கிற பழைய கேமெல்லாம் புது கார்டுல இழுத்துச்சு. கத்தி, கதறி, சில கேமுக்கு மட்டும் 2025 டிசம்பர்லதான் திரும்பக் குடுத்தாங்க. பெட்டி மேல இதெல்லாம் அச்சடிச்சிருந்தா வாங்கறவன் யோசிச்சிருப்பான்ல?

பார்டர்ல இருக்கிறவனுக்கு இதுக்கு மேல ஒரு தண்டம் உண்டு. கார்டு போனா சர்வீஸுக்கு சென்னைக்கு ஓடணும், இல்ல திருப்பதியில குடுத்து அங்கேர்ந்து அவன் சென்னைக்கு அனுப்பற வரைக்கும் தவம் கிடக்கணும். சென்னையில நேர்ல போய் வாங்கினா கவுண்டர் பில்லுல தமிழ்நாட்டு எஸ்ஜிஎஸ்டி போட்டுக் கையில குடுத்துடுவான். 18 சதவீத வரி. ஆந்திரா ஜிஎஸ்டி நம்பர் வச்சிருக்கிறவன் அந்த பில்லை வச்சு வரியைக் கழிச்சுக்க முடியாது. வெளி மாநில விற்பனைக்கான ஐஜிஎஸ்டி போட்டு, நகரி விலாசத்துக்கு அனுப்புங்கன்னு கேட்டா, “ஒரு கார்டுக்கு இவ்வளவு சட்டமாண்ணா?”ன்னு சிரிக்கிறான். ஆமாய்யா, அந்த ஒரு கார்டு என் ஒரு கல்யாண ஆர்டர் காசு.

லீக் வீடியோ போடறவனுக்கு கார்டு வந்தாலும் காசு, வராட்டியும் காசு. ‘தள்ளிப்போச்சா?’ன்னு அதுக்கும் ஒரு வீடியோ. டெலிவரி தேதி சொல்லி அட்வான்ஸ் வாங்கினவன் நான். மெமரி நிரம்பிப்போச்சுன்னு பெட்டி வந்தா, பொண்ணோட அப்பாகிட்ட போய் யுடிஎன்ஏ வரட்டுங்கண்ணான்னு சொல்லட்டுமா?

சிராவணம் பிறக்கறதுக்கு முன்னாடி 5060 டிஐ 16 ஜிபி, எந்தக் கடையில ஸ்டாக் இருக்கோ அங்க எடுக்கப்போறேன். 8 ஜிபி வேரியன்ட்டைக் காட்டி ரெண்டும் ஒண்ணுதாண்ணாங்கிற கடையில தண்ணிகூடக் குடிக்க மாட்டேன். நான் எடுத்த மறுநாளே புது கார்டு வந்தா வந்துட்டுப் போகட்டும். தயவு செஞ்சு எவனும் எனக்கு லிங்க் அனுப்பாதீங்க.