நட்சத்திர நோட்டு பிழை நோட்டு இல்லை

சேகரிப்பவர்கள் தேடும் அச்சுப்பிழை ரூபாய் நோட்டுகளைப் பற்றிய உங்கள் பதிவில், வரிசை எண்ணில் நட்சத்திரம் இருக்கும் நோட்டையும் பிழைக் கணக்கில் சேர்த்திருக்கிறீர்கள். அது பிழையே இல்லை. அச்சகத்தில் கெட்டுப்போன நோட்டை எடுத்துவிட்டு அதற்குப் பதிலாக நோட்டுக் கட்டுக்குள் வைப்பது. 2006-இல் 10, 20, 50 ரூபாயில் தொடங்கியது. 500-க்கு 2016-இல்தான் வந்தது.

நிஜப் பிழை எங்கள் கடைக்கே வந்திருக்கிறது. பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் மளிகைக் கடை. சில்லறையில் வந்த ஒரு 10 ரூபாயின் மூலையில் முக்கோணமாக வால் நீண்டிருந்தது. அப்பா செல்லாத நோட்டு என்று ஒதுக்கிவிட்டார். பல நோட்டுகளைச் சேர்த்து அச்சடிக்கும் பெரிய தாளை வெட்டும்போது மூலை மடங்கியிருந்தால் கத்தி அதைத் தொடாது, விரித்தால் வால் வரும். அச்சுக்கு முன்பே மடங்கியிருந்தால் மடிப்புக்குள் வெள்ளையாக இருக்கும். எங்கள் நோட்டில் வெள்ளை இல்லை, வாலில் பக்கத்து நோட்டின் ஓரமே தெரிந்தது. ஆக, அச்சடித்த அப்புறம் மடங்கியது.

ஆனால் திருநெல்வேலி ஜங்ஷனில் ஒருவர் 'எண்ணே விழாத 500' என்று காட்டியது வேறு கதை. எண் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் காகிதம் பஞ்சு பஞ்சாக எழும்பியிருந்தது. லென்ஸ் கூடத் தேவையில்லை, சாய்த்துப் பிடித்தாலே சுரண்டியது தெரிந்தது. என் மச்சான் அதை 3,000 ரூபாய்க்கு வாங்கி, இன்னும் லேமினேட் செய்து வைத்திருக்கிறான்.