பேதி கொடுத்தால் தீர்ந்துவிடுமா?

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வளர்ந்த என் மாமியார், விளக்கெண்ணெய் என்று சொன்னாலே இன்றைக்கும் முகத்தைச் சுளிப்பார். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின சனிக்கிழமை, வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஆரஞ்சுச் சாற்றில் கலந்து, மூக்கைப் பிடித்து ஊற்றுவார்களாம். அப்புறம் நாள் முழுக்க ஒரே கழிப்பறைக்கு அடிதடி.

அந்தப் பழக்கம் இப்போது டர்பனில் எனக்குத் தெரிந்த வீடுகளில் இல்லை. ஆனால் அதன் பின்னால் இருந்த நினைப்பு அப்படியே இருக்கிறது: பிள்ளைக்கு மலம் கட்டிக்கொண்டால் ஒரு தடவை நன்றாகக் கழுவிவிட்டால் போதும், வேலை முடிந்தது. இந்த நினைப்புதான் பிள்ளைகளை வருஷக்கணக்கில் வதைக்கிறது என்பேன்.

நாள்பட்ட மலச்சிக்கல் உள்ள குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் குடலில் எந்த நோயும் கிடையாது. என்றோ ஒரு நாள் கெட்டியாகப் போய் வலித்திருக்கும், ஆசனவாயில் கீறல் விழுந்திருக்கும். பிள்ளை அன்றே முடிவெடுத்துவிடுகிறது, இனிமேல் போகவே கூடாது என்று. அடக்க அடக்கப் பெருங்குடல் அதிலுள்ள தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மலம் இன்னும் இறுகும், அடுத்த தடவை இன்னும் வலிக்கும். பயம் ஊர்ஜிதமாகிவிட்டது, கேட்கவா வேண்டும்!

ஒரு மூன்று வயதுப் பிள்ளை திரைச்சீலைக்குப் பின்னால் போய் நிற்கிறது. குதிகாலைத் தூக்கி, காலை ஒன்றோடொன்று பின்னி, சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து நடுங்குகிறது. அம்மா சொல்கிறார், “பாவம், முக்கி முக்கிப் பார்க்கிறான், வர மாட்டேங்குது.” பெரும்பாலும் அப்படியில்லை. வந்துவிடக் கூடாதே என்று இறுக்கிக்கொண்டு நிற்கிறான் அவன்.

இதற்கு அடுத்த கட்டம்தான் எனக்கு ரொம்ப வருத்தம் தருவது. மலக்குடல் நிரம்பி விரிந்துபோனால் ‘வருகிறது’ என்ற உணர்ச்சியே மங்கிவிடும். இறுகிக் கிடப்பதைச் சுற்றிக்கொண்டு தண்ணியாக ஜட்டியில் கசியும். இதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து அதற்கு மருந்து கொடுக்கிறவர்கள் உண்டு. “எட்டு வயசாச்சு, வெட்கமா இல்லையா?” என்று முதுகில் ஒன்று வைக்கிறவர்களும் உண்டு. பிள்ளைக்கே தெரியாமல் கசிவதற்கு அடி எதற்கு?

சோப்புத் துண்டு, வெற்றிலைக் காம்பு, மூலிகை எனிமா எல்லாம் வேண்டாம். மூலிகை எனிமாவால் குழந்தைகளுக்கு வரும் ஆபத்தைப் பற்றித் தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் பல காலமாக எழுதிவருகிறார்கள். மருத்துவர் தருவது பெரும்பாலும் மேக்ரோகால் பொடி, இல்லாவிட்டால் லாக்டுலோஸ் சிரப். முதலில் அடைப்பை எடுப்பார்கள், பிறகு தினமும் ஓர் அளவு. நம்மவர்கள் நாலு நாள் நன்றாகப் போனதும் புட்டியை மூடி வைத்துவிடுவார்கள், “குடலுக்குப் பழகிடும்” என்று. இந்த மருந்துகள் மலத்தில் தண்ணீரைத் தங்கவைப்பவை, குடலைச் சோம்பேறியாக்குபவை அல்ல. ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தைக் குடல் மருத்துவச் சங்கங்கள் 2014-இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டலே குறைந்தது இரண்டு மாதம் கொடுக்கச் சொல்கிறது. கோளாறெல்லாம் நின்று ஒரு மாதமாவது ஆன பிறகுதான், அதுவும் மெல்ல மெல்ல, குறைக்க வேண்டும். விரிந்த குடல் பழைய நிலைக்கு வர வேண்டும், பிள்ளை வலியை மறக்க வேண்டும். இரண்டும் ஒரு வாரத்தில் நடக்கிற காரியமா?

சாப்பாடு முக்கியம்தான். வெள்ளை ரொட்டியும் சிப்ஸும் பால் புட்டியுமாக வளர்கிற பிள்ளைக்கு சுகர் பீன்ஸ் கறியும் பப்பாளியும் கொடுங்கள், நல்லது. ஆனால் கல்லாக இறுகியபின் பழம் மட்டும் கொடுத்துக்கொண்டிருப்பது வீண். சாப்பிட்டதும் குடல் தானாக அசையும். அந்த நேரத்தில் ஐந்து பத்து நிமிஷம், காலுக்கு அடியில் ஒரு ஸ்டூல் போட்டு உட்காரவையுங்கள். கால் அந்தரத்தில் தொங்கினால் முக்க வராது.

பிறந்து இரண்டு நாள் வரை மலம் போகாத குழந்தை, பச்சையாக வாந்தி, வயிறு உப்பல், எடை ஏறாமை, காலில் பலவீனம் என்றால் கதையே வேறு. உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

கடைசியாகப் பள்ளிக் கழிப்பறை. இந்த நாட்டில் இது சின்ன விஷயமே இல்லை. 2014 ஜனவரியில் லிம்போப்போ மாகாணத்தில் ஐந்து வயது மைக்கேல் கொமாபே பள்ளியின் குழிக் கழிப்பறையில் விழுந்து இறந்தான். நகரத்துப் பள்ளிகளில் பெரும்பாலும் குழி இல்லை, ஆனாலும் பிள்ளைகள் வீடு வரும்வரை அடக்குகிறார்கள். என் மகனின் பள்ளியில் காகிதம் வேண்டுமென்றால் வகுப்பு முன்னால் ஆசிரியரிடம் கேட்டு வாங்க வேண்டும். எந்த ஏழு வயதுப் பையன் கேட்பான்? பெற்றோர் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். உள்ளே வைத்தால் பிள்ளைகள் வீணாக்குவார்கள் என்று பதில் வந்தது. சரி என்று இப்போது அவன் பையிலேயே ஒரு சுருளும் சின்னத் தண்ணீர்ப் புட்டியும் போட்டு அனுப்புகிறேன். அடுத்த கூட்டத்திலும் கேட்பேன்.