ஓடவில்லையாம்!

ஞாயிற்றுக்கிழமை நடந்த ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ நாவல் கூட்டத்தைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் நாவலின் நாயகியைப் பற்றி அங்கே ஓர் அண்ணை கேட்ட கேள்வியை ஆளாளுக்குப் பகிர்ந்து சிரிப்புக்குறி போடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. “நாவல் முழுக்க யோசிச்சுக்கொண்டே இருக்கிறாள். ஏன் ஓடேல்லை? இதுக்குப் பேர் எதிர்ப்போ?” என்ன கைதட்டல்!

அண்ணை, அவள் ஓடினாள். கணவனோடும் சின்ன மகளோடும் எல்லையைத் தாண்டப் போய், காட்டுக்குள் பிடிபட்டாள். அந்தப் பக்கங்களை நீங்கள் எப்போது புரட்டினீர்கள்?

மார்கரெட் அட்வுட் 1985இல் எழுதிய ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ வாசிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ‘யாக்கோபின் புதல்வர்கள்’ என்ற மதக் கும்பல் நாட்டைப் பிடிக்கிறது. பெண்களின் வேலையும் வங்கிக் கணக்கும் ஒரே நாளில் போகின்றன. பெண் வாசித்தால் குற்றம். கடைப் பலகையில்கூட எழுத்து இல்லை, படம்தான். பெரிய மனிதர் வீட்டுக்குப் பிள்ளை பெற்றுக்கொடுப்பதுதான் இவளுக்கு விதித்த வேலை. முகத்துக்குப் பூசக் கிரீம் கிடையாது. இவள் என்ன செய்கிறாள்? சாப்பாட்டுத் தட்டில் வந்த பட்டர் துண்டை எடுத்துச் சப்பாத்தின் நுனிக்குள் ஒளித்துவைத்து, இரவில் முகத்திலும் கையிலும் தேய்க்கிறாள். என்றைக்கோ வெளியே போவோம் என்று நம்புகிறவள்தானே தோலைப் பேணுவாள்? எனக்கு அது எதிர்ப்பு. துவக்கு இல்லாததால் உங்களுக்குத் தெரியவில்லை.

எனக்கு ஒரு மச்சாள் இருக்கிறார். கலியாணம் கட்டிப்போன வீட்டில் மருந்து குடிப்பது விசுவாசக் குறைவு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் ஜெபம்தான். மச்சாள் பனடோல் கார்டை மிளகாய்த்தூள் போத்தலுக்குள் புதைத்து வைத்திருந்தார். அந்த வீட்டு ஆம்பிளைகள் குசினிப் போத்தலைத் தொடமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். பாதிக் குளிசையைக் கரண்டியில் நசித்து, சீனித் தண்ணியில் கரைத்துப் பிள்ளைக்குக் கொடுப்பார். விடியக் காய்ச்சல் இறங்கினால் சபையில் சாட்சி சொல்வது கணவர். இவர் பின்வரிசையில் முக்காட்டோடு இருந்து ‘ஆமென்’ சொல்வார். அடங்கிப்போன பெண் என்றுதானே அண்ணை இவரையும் சொல்வீர்கள்?

உடனே ‘கிறிஸ்தவத்தைத் தாக்குகிறாள்’ என்று கிளம்புவீர்கள். சாமியார் மடத்துக் கதையும் கைவசம் உண்டு, அதை எழுதினால் மற்றப் பக்கம் கிளம்பும். விடுங்கள்.

‘வெள்ளைக்காரர் பிரச்சினை, எங்களுக்கு எதற்கு’ என்றும் ஒருவர் கேட்டார். உலகத்தில் எங்காவது நடக்காத எதையும் இந்த நாவலில் வைக்கவில்லை என்று அட்வுட்டே சொல்லியிருக்கிறார். 1966இல் ருமேனியாவில் கருக்கலைப்பைத் தடைசெய்து பெண்களைப் பெறவைத்தது அவர் மனதில் இருந்தது. அங்கே ஆட்சியில் இருந்தது மதம்கூட இல்லை.

இலக்கியம் போராடத் தூண்ட வேண்டும் என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அதற்கு 2019இல் வந்த இரண்டாம் பாகம் இருக்கிறது. அதில் இளம்பெண்கள் அந்த ஆட்சியின் ரகசியங்களை எல்லை கடத்திக்கொண்டு போகிறார்கள். உங்களுக்குப் பிடிக்கும், வாசியுங்கள். ஆனால் அதைக் காட்டி இவளைக் கோழை ஆக்காதீர்கள்.

இதையெல்லாம் யாழ்ப்பாணத்தில் இருந்து சொல்லவேண்டியிருப்பதுதான் எரிச்சல். சோதனைச்சாவடிக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி உருட்டிக்கொண்டு போனவர்கள் நாங்கள். எத்தனை பேருடைய உத்தரவுக்கு வாயைப் பொத்திக்கொண்டு இருந்தோம்! ஏன் எதிர்க்கவில்லை என்று அண்ணைமாரை எந்தக் கூட்டத்திலும் யாரும் கேட்டதில்லை. அவர்கள் பேசாமல் இருந்தால் நிதானம். நாங்கள் பேசாமல் இருந்தால் மட்டும் எதிர்ப்பு போதவில்லை.

பின்குறிப்பு: எந்தச் சபை, எந்த ஊர் என்று கேட்டு இன்பாக்ஸுக்கு வரவேண்டாம். சொன்னால் மச்சாள் வீட்டுக்கே போய், ‘நீங்கள் ஏன் அப்பவே வெளிக்கிட்டு வரேல்லை?’ என்று கேட்க உங்களில் இரண்டு பேராவது இருப்பீர்கள்.